நாலு மணிக்கு மேல் தண்ணீர்

போர்ட் பிளேர்,
12.8.1976

திரு. குழந்தைவேலு அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன். என் பெயர் இந்திராணி. இங்கே சமூக நலப் பிரிவில் இன்ஸ்பெக்டர். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் சொக்கலிங்கம் என்ற கான்ட்ராக்டர் தர்மமாக நடத்துகிற முதியோர் விடுதியைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் வேலை இந்த வருடம் என்னிடம் வந்திருக்கிறது. உங்கள் தாயார் பொன்னம்மா அங்கே இருக்கிறார். விலாசம் கேட்டேன். "கட்சால், ரப்பர் தோட்டம்னு போடு, போயிரும்" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.

சர்க்கார் கடிதம் என்றதும் பயந்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. அம்மா உயிரோடு, நினைவோடு இருக்கிறார். சிலோனிலிருந்து நீங்கள் எல்லோரும் வந்த அன்று கப்பல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததையும், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே உங்கள் கூட்டத்தைக் கட்சால் தீவுக்குக் கப்பலேற்றிவிட்டதையும் அவரே சொன்னார். இப்போது கம்பு ஊன்றி நாலு எட்டு நடக்கிறார்.

விடுதியைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு இரும்புக் கட்டில், கொசுவலை. சோறு, பருப்பு, வாரம் இரண்டு நாள் மீன். "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "குறை ஒண்ணும் இல்லை." தமிழர், தெலுங்கர், பெங்காலி, எல்லோரும் அவரவர் பாஷையில் அதையேதான் சொன்னார்கள். எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. கடல் காற்று என்று நினைத்தேன். உங்கள் அம்மா மட்டும் சிரித்துப் பேசினார். சாயங்காலம் வந்த டீயைக் கூட "நீ வெயில்ல வந்தவ, குடி" என்று என் கையில் கொடுத்துவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

அவர் சுபாவம் எப்படிப்பட்டது, முன்பு ஏதாவது வியாதி உண்டா என்று நீங்கள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். இது உத்தரவு அல்ல. விருப்பமிருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இந்திராணி

---

கட்சால்,
2.9.1976

இன்ஸ்பெக்டர் அம்மா அவர்களுக்கு, குழந்தைவேலு வணக்கம் சொல்லி எழுதுறது.

கடுதாசியத் தோட்டத்து ஆபீஸ்ல கூப்பிட்டுக் குடுத்தாங்க. கவர்ல சர்க்கார் முத்திரையப் பாத்ததும் என் சம்சாரம் அழுதிட்டா.

நான் அஞ்சாவது வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும். ஒங்க கடுதாசியில எல்லாம் நல்ல சேதிதான். ஆனா அந்தத் தேத்தண்ணி சேதியப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

எங்க அம்மா பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்து, கொழுந்து எடுத்தே கெழவியானவங்க. யாருக்கும் சோத்தக் குடுப்பாங்க, கட்டியிருக்கிற சேலையக் குடுப்பாங்க. தேத்தண்ணியக் குடுக்க மாட்டாங்க. காய்ச்சல்ல கெடந்தாலும் சாயந்தரத் தேத்தண்ணிக்கு எந்திரிச்சு ஒக்காந்துருவாங்க. என் அப்பா செத்த அன்னைக்கே, அழுது முடிச்சுட்டு, "ஒரு வாய் சாயம் குடுங்கடி"ன்னு கேட்டவங்க. அவங்க ஒங்ககிட்ட நீட்டினாங்கன்னா அவங்களுக்கு அது வேணாம்னு அர்த்தம். ஏன் வேணாம்? அதப் பாருங்கம்மா.

குறை இல்லைன்னு சொன்னதுக்கும் ஒரு கதை இருக்கு. தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்தப் பாக்க தொரை வருவாரு. நாங்கல்லாம் காம்பரா வாசல்ல வரிசையா நிப்போம். "ஏதாச்சும் குறை?"ம்பாரு. "ஒண்ணும் இல்லைங்க தொரை"ன்னு சொல்லணும். எங்க அப்பா ஒரு தடவை, "பீலிக் கொழாயில தண்ணி வர்றதில்லைங்க"ன்னு சொல்லிட்டாரு. அடுத்த வாரம் பத்துச்சீட்டுக் குடுத்து தோட்டத்த விட்டு அனுப்பிட்டாங்க. சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மழையில நடந்தோம். அம்மா இடுப்புல என் தங்கச்சி. அந்தப் புள்ள புதுத் தோட்டம் போய்ச் சேந்த பத்தாம் நாள் மாந்தம் கண்டு போயிருச்சு. அன்னையில இருந்து அம்மா யார்கிட்டயும் குறை சொன்னதில்ல. என்கிட்டக்கூட.

அதனால அவங்க வாயக் கேக்காதீங்க. கண்ணால பாருங்க.

அம்மாவ இங்க கூட்டிக்க ஆசைதான். ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம் இருக்கோம். புது லயம் கட்டினதும் தர்றதா மேனேஜர் சொல்றாரு. நிக்கோபார் பக்கம் ஆள் கொண்டாந்து வைக்கப் பாஸ் வேணும், அதுக்கும் அவரு எழுதித் தரணும். என் சம்சாரத்துக்கு இது ஏழாம் மாசம்.

குழந்தைவேலு

---

போர்ட் பிளேர்,
20.9.1976

குழந்தைவேலு அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இந்த முறை காலையில் போகவில்லை. மூன்றரை மணிக்குப் போய், ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு ஆயா ஆரோக்கியசெல்வி தகரக் குவளைகளில் டீ கொண்டுவந்து ஒவ்வொரு கட்டிலிலும் வைத்தாள். யாரும் தொடவில்லை. ஒரு கிழவர் ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றினார். இன்னொருவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். உங்கள் அம்மா குவளையைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டார். தண்ணீர்ப் பானை வாசலில் நிரம்பியே இருந்தது.

ஆரோக்கியசெல்வி ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது வார்டு கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். "இல்லேன்னா எழுந்து நடந்து விழுறாங்க மேடம். போன மழையில ஒருத்தர் விழுந்து மண்டை உடைஞ்சுது. பழி எனக்கு" என்றாள். கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம், பாசி பிடித்த படி ஏறிப் போக வேண்டும். இருக்கிற ஆயா அவள் ஒருத்திதான். அவளுக்கும் வீட்டில் பாலுக்கு அழுகிற பிள்ளை. அதற்கு மேல் அவளை என்ன கேட்பது?

நான் உங்கள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தேத்தண்ணி என்று வந்த இடத்தில் சிரித்தார். பத்துச்சீட்டு என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பய இதையெல்லாம் எழுதியிருக்கானா?"

"இப்பவாவது சொல்லுங்கம்மா. ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

"குடிச்சா வரும்ல?"

"வந்தா?"

"கதவு பூட்டியிருக்கும். படுக்கையிலதான். காலையில மெத்தையத் தூக்கி வாசல்ல காயப் போடுவாங்க. யாரு மெத்தைன்னு எல்லாருக்கும் தெரியும். போறவன் வர்றவன் பாப்பான். கெழவன்மாரெல்லாம் பாப்பாங்க. அதுக்கு நாக்கு வறண்டு கெடக்கலாம்."

மத்தியானச் சாப்பாட்டோடு சரி. மறுநாள் காலை கதவு திறக்கிற வரை அந்த வார்டில் ஒருவர் வாயிலும் ஒரு சொட்டு இறங்குவதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அவர்களாகவே பழகிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ விடுதி பார்த்திருக்கிறேன். பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேனே தவிர, யார் குடிக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

நான் எழுந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிராத தாயி. எம்மவன் வர்ற வரைக்கும் எனக்கு ஒரு கட்டில் வேணும்" என்றார்.

என் வேலை எழுதச் சொல்கிறது. உங்கள் அம்மா வேண்டாம் என்கிறார். நீங்கள் அவருடைய மகன். உங்களைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்திராணி

---

கட்சால்,
9.10.1976

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

ஒங்க கடுதாசிய என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்ட முடியல. பாதியில நிறுத்திட்டேன்.

இங்க ரப்பர்ப் பால் வெட்டப் பழகிட்டேன். விடிய முன்னயே மரத்துக்குப் போயிருவோம். போத்தல்ல தண்ணி கொண்டு போறேன். ஒவ்வொரு தடவையும் வாயில வைக்கிறப்ப அம்மா நெனப்பு வருது.

எழுதுங்கம்மா. அவங்க வேணாம்னு சொன்னது பயத்துல. நானும் பயந்தா அவங்களுக்கு யாரு இருக்கா? சர்க்கார்ல ஒருத்தவங்க வந்து ஒக்காந்து பாத்துருக்கீங்க. எங்க சனத்துக்கு இதுவரைக்கும் யாரும் அப்பிடி ஒக்காந்ததில்ல. எழுதுங்க. ஆனா அம்மா பேரப் போடாதீங்க.

குழந்தைவேலு

---

போர்ட் பிளேர்,
30.10.1976

குழந்தைவேலு அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை கொடுத்தேன். யார் பெயரும் போடவில்லை. வார்டை ஒட்டிக் கக்கூஸ் கட்ட வேண்டும், இரவுக்கு ஓர் ஆயா வேண்டும், கதவை வெளியே தாழிடக் கூடாது என்று எழுதினேன். ஒரே ஓர் ஆயா இத்தனை பேரைக் கவனிக்க முடியாது என்றும் எழுதினேன். மேலே ஏற்றுக்கொண்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள்.

சொக்கலிங்கம் ஐயா ஆபீசுக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெத்தவங்கள கப்பல் ஜெட்டியில விட்டுட்டுப் போனவன் ஒருத்தனுக்கும் நோட்டீஸ் போகல. கூப்பிட்டு வச்சுச் சோறு போட்டேன், எனக்கு வந்திருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கக்கூஸ் கட்ட ஒத்துக்கொண்டார். இன்னோர் ஆயாவுக்கு இப்போது வழியில்லை என்றார். "ஒரு ஆயாவுக்கு இத்தனை பேர் கூடாதுன்னுதானே எழுதியிருக்கீங்க? சரி, ஆளைக் குறைச்சுடறேன்" என்றார். தீவுகளில் உறவுக்காரர் உள்ளவர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருக்கிறார். ஆள் கூட்டச் சொல்லித்தான் எழுதினேன். நான் எழுதிய வாக்கியத்தில் இந்த வழியும் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டப்படி அவர் செய்வதில் தவறும் இல்லையாம். மேலதிகாரியிடம் போய் நின்றேன். தர்ம ஸ்தாபனத்தை இதற்கு மேல் நெருக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் அம்மாவுக்குக் கட்சாலில் மகன் இருக்கிறார். அடுத்த நிக்கோபார் கப்பலில் அவரை ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். பாஸுக்கு நான் அலைகிறேன். உங்கள் மேனேஜரிடம் உடனே ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள்.

இந்திராணி

---

கட்சால்,
18.11.1976

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

மேனேஜர்கிட்டக் கடுதாசி வாங்கி இதோட வச்சிருக்கேன். வாங்குறதுக்குள்ள அவரு கால்ல விழாத கொறைதான். எங்களோட இருக்கிற பன்னீர்செல்வம் குடும்பம் தாழ்வாரத்துல படுத்துக்கிறதாச் சொல்லிருச்சு. என் சம்சாரம் பெத்து ஆறு நாள் ஆகுது. பொம்பளப் புள்ள.

சொல்லக்கூடாதுன்னுதான் நெனச்சேன். முடியல. எங்க அப்பா வாயத் தொறந்ததுக்கு ஒரு தடவ பத்துச்சீட்டு. இப்ப நீங்க வாயத் தொறந்ததுக்கு இன்னொரு தடவ. ரெண்டு தடவையும் நடக்க வேண்டியது எங்க அம்மா. நோட்டீஸ் எழுதின ஒங்களுக்கு வீடு இருக்கு. சொக்கலிங்கத்துக்கு வீடு இருக்கு. தாகமா இருந்தாங்க, சரி. ஆனா கட்டில் இருந்துச்சு. அந்தக் கட்டிலுக்குத்தான் அவங்க ஒங்க முந்தானையப் புடிச்சாங்க.

எழுதச் சொன்னவன் நான்தான். மறக்கல. அதனாலதான் இவ்வளவு கோவம் வருது. கோவத்த வேற யாருகிட்ட கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியல.

குழந்தைவேலு

---

ஷாதிபூர், போர்ட் பிளேர்,
28.11.1976

குழந்தைவேலு,

மேனேஜர் கடிதம் கிடைத்தது. பாஸும் வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கப்பலேற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. சிறுநீரில் சீழ் இருக்கிறதாம். தண்ணீர் குடிக்காமல் பல மாதம் இருந்ததால் வந்தது என்றார் டாக்டர்.

அவரை என் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்துவிட்டேன். சோதனை செய்கிற இடத்து ஆளை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆபீசில் பேச்சு. பேசட்டும். என் வீட்டுக்காரர் மாயாபந்தரில் வேலையாக இருக்கிறார். வீட்டில் இடம் இருக்கிறது.

உங்கள் கோபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். அந்தத் தாகத்தோடு அவர் அங்கேயே இருந்திருந்தால் இந்தக் காய்ச்சல் வந்திருக்காது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அது முன்பே உள்ளே வந்துவிட்டது. நான் சீக்கிரம் எழுதவில்லையே என்பதுதான் என் வருத்தம். எழுதினேனே என்பதல்ல. இதைச் சொல்லும்போது எனக்கே பாதி நம்பிக்கைதான் இருக்கிறது.

வந்த முதல் மூன்று நாள் இங்கேயும் நாலு மணிக்கு மேல் குடிக்கவில்லை. கக்கூஸ் கட்டிலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான். நான் இருக்கிறேன், எழுப்புங்கள் என்று சொன்னேன். தலையாட்டுவார், குடிக்க மாட்டார். நேற்று நான் எதுவும் சொல்லாமல் எனக்கும் ஒரு டம்ளர் டீ எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாயம் பத்தாது. இதென்ன கழுவுன தண்ணி?" என்றார். எழுந்து போய்த் திக்காகப் போட்டுக் கொண்டுவந்தேன். முழுவதும் குடித்தார். இன்னொன்றும் கேட்டார்.

பேத்தி பிறந்ததைச் சொன்னேன். "மூக்கு யாரு மாதிரி?" என்று கேட்கிறார். எழுதுங்கள். முடிந்தால் நீங்களே வாருங்கள்.

இந்திராணி

---

கட்சால்,
10.12.1976

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

மூக்கு எங்க அம்மா மாதிரியேதான்னு சொல்லுங்க. அகலமா இருக்கு. லீவு கெடச்சிருச்சு. இந்தக் கடுதாசி போலீஸ் படகுல கமோர்ட்டாத் தீவுக்குப் போயி, அங்கருந்து வேற கப்பல்ல எனக்கு முந்திக்கும்னு சொன்னாங்க. நான் பதினாலாம் தேதிக் கப்பல்ல ஏறுறேன். அம்மாகிட்டச் சொல்லிருங்க. முன்ன எழுதினதுக்கு நேர்ல வந்து பேசிக்கிறேன்.

குழந்தைவேலு

---

போர்ட் பிளேர்,
19.12.1976

குழந்தைவேலு,

இதை ஜெட்டியில் நானே உங்கள் கையில் கொடுப்பேன். நேரில் வருகிறவள் எதற்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றும். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை வராது. அதற்காகத்தான்.

அம்மா வியாழக்கிழமை காலை போய்விட்டார். திங்கட்கிழமையே காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். செவ்வாய்க்கிழமை கட்சாலுக்கு வயர்லெஸ் கொடுத்தேன். அதற்குள் உங்கள் கப்பல் புறப்பட்டிருந்தது.

நீங்கள் வருகிற செய்தி புதன்கிழமை வந்தது. படித்துக் காட்டினேன். மூக்கு விஷயத்தையும் படித்தேன். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாவம், பொட்டப் புள்ள" என்றார். அதற்குப் பிறகு பேச்சு தெளிவாக இல்லை. கஷ்டப்படவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

உங்களுக்காக வைத்திருக்க முடியவில்லை. இங்கே அதற்கு வசதி கிடையாது. வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். சொக்கலிங்கம் ஐயாவே வந்தார். தூக்க ஆள், பூ, சீலை எல்லாம் அவர் ஏற்பாடு. "மகன் வர்ற வரைக்கும் அவன் இடத்துல நான்" என்று சொல்லி முதல் பிடி மண்ணை அவர் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இந்திராணி

---

கட்சால்,
24.1.1977

இந்திராணி அம்மாவுக்கு,

சொல்லிக்காமப் போயிட்டேன். கப்பல் கெளம்புறப்ப நீங்க ஜெட்டியில நின்னதப் பாத்தேன். கையத் தூக்க வரல.

வந்து எறங்கின அன்னைக்கு ஜெட்டியில நான் கத்தினதெல்லாம் நெனப்பு இருக்கு. கூலிக்காரங்கல்லாம் வேடிக்க பாத்தாங்க. கத்தினது தப்புன்னும் தோணல, சரின்னும் தோணல.

ஒங்ககிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்கு. கெளம்புற அன்னைக்குக் காலையில அம்மாவோட தகரப் பெட்டிய எடுக்க டெய்ரி ஃபார்ம் விடுதிக்குப் போனேன். அம்மா கட்டிலுக்கு அடுத்த கட்டில்ல ஒரு பெங்காலி அம்மா. கிரிபாலான்னு ஆரோக்கியசெல்வி சொன்னாங்க. புருஷன் நிலம் கெடைக்கும்னு கூட்டியாந்து செத்துப் போயிட்டானாம். மகன் மரம் ஏத்துற கப்பல்ல வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லையாம். கண்ணு ரெண்டும் வெள்ளையாப் பூத்துப் போயிருக்கு.

நான் குனிஞ்சு பெட்டிய இழுக்கிறேன். அந்தம்மா என் தோளப் புடிச்சு, முகத்தத் தடவி, "கோக்கா, கோக்கா"ன்னு அழ ஆரம்பிச்சிருச்சு. கோக்கான்னா அவங்க பாஷையில மகனேன்னு கூப்பிடறதாம். ஆரோக்கியசெல்வி, "இல்ல மா ஜி, யே துமாரா பேட்டா நஹி"ன்னு, இது ஒங்க மகன் இல்லைன்னு இந்தியில சொல்லி வெலக்கப் பாத்தாங்க. நான்தான் விடுங்கன்னு சொன்னேன்.

கட்டில்ல ஒக்காந்தேன். அவங்க என்னென்னமோ சொன்னாங்க. ஏன் இத்தன நாள் வரலைன்னு திட்டினாங்கன்னு நெனைக்கிறேன். அந்தத் தொனி எல்லாப் பாஷையிலயும் ஒண்ணுதான. என் அம்மா செத்ததுக்கு நான் அதுவரைக்கும் அழுகல. பொதச்ச எடத்துக்குப் போயி என் கையால மண்ணப் போட்டப்பக்கூட அழுகல. அங்க ஒக்காந்து அழுதேன். அவங்க மகனுக்காக அழுதாங்க, நான் அம்மாவுக்காக அழுதேன். கப்பல் ஊதுச்சு. கையப் பிரிச்சுட்டு ஓடி வந்துட்டேன்.

பெட்டியில ஒரு சேலையும் சிலோன் அடையாளக் கார்டும் இருந்துச்சு. அவ்வளவுதான்.

குழந்தைவேலு

---

போர்ட் பிளேர்,
21.2.1977

அன்புள்ள குழந்தைவேலு,

எழுத மாட்டீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

வார்டை ஒட்டிக் கக்கூஸ் கட்டி முடித்தாகிவிட்டது. உள்ளே போக வாசற்படி இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்கள். இரவு ஆயாவையும் சொக்கலிங்கம் ஐயா சேர்த்துவிட்டார். யாரும் கேட்காமல் அவராகவே செய்தார். கதவு இப்போது சாத்தியிருக்கிறதே தவிர, தாழ் இல்லை. போன வாரம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எல்லாக் குவளையும் காலி.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். உங்கள் அம்மா இல்லாத வார்டில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்று அவர் மகனிடமே சொல்வது எப்படி? ஆனால் சொல்லாமல் மறைப்பது அதைவிடக் கேவலமாகப் பட்டது. காலிக் குவளைகளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெளியே வந்து முற்றத்துப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த வேலையிலிருந்து மாற்றிக் கணக்குப் பிரிவில் போடச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இனி ஒரு விடுதியில் போய் உட்கார்ந்து ஒரு வரி எழுத என் கை வருமா என்று தெரியவில்லை. எந்த வரி யார் கட்டிலை இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கிரிபாலா அம்மா, கப்பல் சங்கு கேட்கும்போதெல்லாம் கேட்கிறார்: "மேரா பேட்டா கப் ஆயேகா?" என்று. மகன் எப்போது வருவான் என்று. ஆயாக்கள், "ஆயேகா, ஆயேகா", வருவான் வருவான் என்று சொல்லி வைக்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பேசாமல் வந்துவிடுகிறேன். என்ன சொல்லட்டும்?

குழந்தை எப்படி இருக்கிறாள்?

இந்திராணி

---

கட்சால்,
15.3.1977

இந்திராணி அக்காவுக்கு,

புள்ள கவுந்து படுக்குது. ராத்திரியெல்லாம் கத்துது. சம்சாரம் நல்லா இருக்கா.

குவளையெல்லாம் காலின்னு எழுதியிருந்தீங்க. சந்தோஷப்படற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்ல அக்கா. படிச்சதும் வயிறு எரிஞ்சுது. அந்த ஆயாவும் கம்பியும் ஆறு மாசம் முன்ன வந்திருந்தா என்னன்னுதான் தோணுச்சு. மரத்துக்குப் போயி வெட்டிட்டு வந்தேன். மறுபடியும் எடுத்துப் படிச்சேன். அப்பவும் எரிஞ்சுது. ஆனா படிக்காம இருக்க முடியல. நீங்க மறைக்காம எழுதினதுக்கு நன்றி.

மனுவக் குடுக்காதீங்க. நான் ஒங்களத் திட்டினவன், நான்தான் இதையும் சொல்லணும். ஒங்களுக்குப் பதிலா வர்றவங்க காலையில வந்து சுவத்துச் சுண்ணாம்பப் பாத்துட்டுப் போயிருவாங்க. பயமா இருந்தாலும் போங்க. பயந்துகிட்டே எழுதுங்க. பயமில்லாம எழுதறவங்களவிட அது நல்லது.

கிரிபாலா அம்மாகிட்ட ஆயாமாரு சொல்றது பொய்யின்னுதான நீங்க பேசாம வர்றீங்க? இனிமே பேசாம வராதீங்க. பேட்டா சித்திரைக் கப்பல்ல வர்றான்னு சொல்லுங்க. மேனேஜர்கிட்ட லீவு சொல்லிட்டேன். என் சம்சாரமும், "போயிட்டு வாங்க, எங்கம்மாவ ஜெட்டியில வுட்டா எனக்கு எப்படி இருக்கும்"னு சொன்னா.

அவங்க பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல ஒக்காந்திருக்கத் தெரியும். அது போதும்ல அக்கா?

குழந்தைவேலு